மேடைக்கான 63 ஆம்பியர் பவர் பாக்ஸ்: சாக்கெட்டை எண்ணுவதை விட்டு நியூட்ரலைப் பாருங்கள்

ஜெனரேட்டர் வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் வைக்கிற பவர் பாக்ஸை வாங்கும்போதும் சரி, வாடகைக்கு எடுக்கும்போதும் சரி, முதலில் வரும் கேள்வி "எத்தனை சாக்கெட் இருக்கு?" அடுத்தது "டிஜிட்டல் மீட்டர் இருக்கா?" இரண்டுக்கும் நல்ல பதில் சொல்லும் பெட்டிகள் சந்தையில் நிறையவே உண்டு. மேடையில் நிற்பவரை ஷாக்கிலிருந்து காப்பாற்றுமா, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) போனால் மிக்ஸரும் ஆம்ப்பும் தப்புமா என்று கேட்டால் அவற்றில் பாதி தேறாது. அது வெளியிலிருந்து தெரிவதில்லை; நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த மதிப்பீடு 63 ஆம்பியர், மூன்று பேஸ் பெட்டிகளைப் பற்றி மட்டும். 415 வோல்ட்டில் அது சுமார் 45 கேவிஏ. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒரு பேஸுக்கு 87 ஆம்பியர் வரை கொடுக்கும் என்பதால், அந்த அளவு செட் போட்டு நடத்தும் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழாக் கச்சேரி, கல்லூரி விழா மேடைகளுக்கு இந்தப் பெட்டி பொருந்தும். தமிழ்நாட்டு மேடைகளில் மூன்று வகை புழங்குகிறது: பந்தல்காரர் கொண்டுவரும் பலகை போர்டு, உள்ளூர் பேனல் பட்டறைகள் செய்யும் தகரப் பெட்டி, ஐரோப்பிய ரப்பர் பெட்டி.

பலகை போர்டைப் பற்றிப் பேச அதிகமில்லை. பிளைவுட்டில் ஒரு மெயின் சுவிட்ச், பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள், வீட்டுச் சுவரில் மாட்டும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் சாக்கெட்டுகள். லீக்கேஜ் பிரேக்கர் (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கிடையாது. ஃபியூஸில் எந்தத் தடிமன் கம்பி கட்டியிருக்கிறது என்பது கட்டியவருக்கே வெளிச்சம். பிளக் இல்லாத வயரை சாக்கெட்டுக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதும் இந்தப் போர்டில்தான் நடக்கிறது. இதைவிட மோசமானது, பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் இருப்பது. அது போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம். சீரியல் செட்டுக்குக்கூட இதை எடுக்க வேண்டாம்.

தகரப் பெட்டிதான் இன்றைய சந்தை. சென்னை, கோவைப் பட்டறைகளில் ஆர்டர் கொடுத்தால் பவுடர் கோட்டிங் அடித்து, சக்கரமும் கைப்பிடியும் வைத்து, ஒரு பக்கம் 63 ஆம்பியர் சிவப்பு ஐந்து பின் இன்லெட், மறுபக்கம் 32 ஆம்பியர், 16 ஆம்பியர் நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டுகள், கூடவே இந்திய 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட்டுகள் என்று செய்து தருகிறார்கள். வெளித்தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததும் சரியான முடிவு. எர்த் பின் மற்றவற்றைவிடப் பருமன் என்பதால் பிளக்கை மாற்றிச் சொருக முடியாது. சொருகும்போது எர்த்தான் முதலில் சேரும், உருவும்போது அதுதான் கடைசியில் விடும். நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட். இரண்டும் தவறிக்கூட ஒன்றுக்குள் ஒன்று போகாது.

கதவைத் திறந்ததும் பார்க்க வேண்டியது நியூட்ரல் கம்பி. பேஸுக்கு 16 சதுர எம்எம் போட்டிருக்கும் பெட்டியில் நியூட்ரலுக்கு 10 போட்டிருந்தால் அப்போதே மூடிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்ற பழைய கணக்கு ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும் சரி. எல்இடி பார் லைட், எல்இடி வால் (மேடையின் பெரிய திரை), ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது எஸ்எம்பிஎஸ் என்ற மின்னணு பவர் சப்ளை. பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத மலிவான எஸ்எம்பிஎஸ், கரண்ட்டைச் சீராக இழுக்காமல் அலையின் உச்சியில் மட்டும் இழுக்கும். அதனால் உண்டாகும் 150 ஹெர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலும் ஒரே திசையில் சேர்ந்து நியூட்ரலில் கூடுகிறது. லோடு முழுக்க இப்படியானால் பேஸில் 30 ஆம்பியர் ஓடும்போது நியூட்ரலில் 50 வரை போகலாம். நியூட்ரலுக்கு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழுந்து, அதாவது தானே அணைந்து, துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பும் இருக்காது, சத்தமில்லாமல் சூடேறும். ஆகவே நியூட்ரல் பேஸுக்குச் சமமான தடிமனாவது இருக்க வேண்டும். எல்இடி வால் ஓட்டும் பெட்டி என்றால் ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்லலாம்.

அடுத்தது நியூட்ரல் லிங்க்கின் (நியூட்ரல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பட்டை) ஸ்க்ரூ. மெல்லிழைக் கம்பியை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் விட்டிருந்தால், நாலு தடவை லாரியில் ஏறி இறங்கியதும் அது தளர்ந்துவிடும். ஈயம் பூசி முறுக்கியிருந்தால் இன்னும் மோசம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகும். கம்பி முனையில் பின் டைப் லக் அல்லது ரிங் லக் என்ற உலோக முனை போட்டு, கிரிம்பிங் டூலால் அழுத்தியிருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்குக்குப் பல் தடம் கோணல்மாணலாக இருக்கும், பார்த்தாலே தெரியும்.

நியூட்ரலுக்கு ஏன் இத்தனை பத்தி? அது அறுந்தால் பெட்டியில் எந்த எம்சிபியும் விழாது, எந்த லீக்கேஜ் பிரேக்கரும் விழாது, சில லைட் மங்கும், சில அளவுக்கு மீறி எரியும். ஆர் பேஸில் 2 கிலோவாட் லைட், ஒய் பேஸில் 500 வாட் சவுண்ட் ரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் நியூட்ரல் விட்டதும் இரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக உட்கார்ந்துவிடும். கணக்குப் போட்டால் 2 கிலோவாட்டுக்கு 80 வோல்ட்தான் கிடைக்கும், சவுண்ட் ரேக்குக்கு 330 வோல்ட் போகும். குறைந்த லோடுள்ள பேஸ்தான் எரியும்; மேடையில் அது பெரும்பாலும் மிக்ஸரும் கீபோர்டும் லேப்டாப்பும். ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்றை வைத்து, ஏதாவது ஒரு பேஸ் 265 வோல்ட் தாண்டினால் மெயின் கான்டாக்டர் என்ற சுவிட்ச் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும்படி செய்யலாம். டிஜிட்டல் மீட்டருக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுப்பது மேல். பெரும்பாலான தகரப் பெட்டிகளில் இது இருப்பதில்லை. கேட்டால் மாட்டித் தருகிறார்கள்.

தகரப் பெட்டியின் பெரிய ஓட்டை லீக்கேஜ் பிரேக்கர் விஷயத்தில்தான். செலவைக் குறைக்க, 63 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் நாலு போல் (மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும்) ஆர்சிசிபி என்ற லீக்கேஜ் பிரேக்கர் ஒன்றே ஒன்றை மெயினில் போட்டு, கீழே எல்லாச் சர்க்யூட்டுக்கும் வெறும் எம்சிபி கொடுத்துவிடுகிறார்கள். காகிதத்தில் பாதுகாப்பு இருக்கிறது. மேடையில் எங்கோ ஒரு ஸ்மோக் மெஷினில் ஈரம் இறங்கினால் மொத்த மேடையும் இருட்டாகும். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை அப்படி ஆனால், மூன்றாவது நிகழ்ச்சிக்கு அந்த ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிக் கொண்டுவருவார்கள். அல்லது 'டிரிப் ஆகாத மாடல்' என்று 300 மில்லி ஆம்பியர் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். 300 தீப்பிடிப்பைத் தடுக்க. ஆளைக் காப்பாற்ற அல்ல. உயிருக்கான எல்லை 30 மில்லி ஆம்பியர்தான்.

சரியான அமைப்பு, ஒவ்வொரு வெளியீட்டுச் சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ: எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பாதுகாப்பும் ஒரே டப்பாவில். மெயினில் லீக்கேஜ் பாதுகாப்பு வேண்டுமென்றால் 300 மில்லி ஆம்பியர், எஸ் குறியிட்ட தாமத வகை. அப்போது பழுதான சர்க்யூட் மட்டும் விழும், மற்றது ஓடும். எதையும் பைபாஸ் பண்ணவேண்டிய அவசியமே வராது. எஸ்எம்பிஎஸ் லோடுக்கு ஏ வகை வாங்குங்கள்; வெறும் ஏசி வகை, டிசி துடிப்பு கலந்த லீக்கேஜைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். முன் தகட்டில் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை. அதற்குக் கீழே அரை அலைத் துடிப்பும் வரைந்திருந்தால் ஏ வகை.

நடுத்தர விலையில் சிலர் மூன்று ஆர்சிசிபி போட்டுச் சர்க்யூட்டுகளைப் பிரித்துத் தருகிறார்கள். நல்லதுதான், ஆனால் மூன்றுக்கும் மூன்று தனி நியூட்ரல் லிங்க் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எல்லா நியூட்ரலையும் ஒரே லிங்க்கில் கொண்டுவந்து கட்டியிருந்தால் லோடு போட்ட அடுத்த நொடி எல்லாமே விழும். பட்டறையில் லோடு இல்லாமல் ஆன் பண்ணிக் காட்டும்போது இந்தத் தப்பு வெளியே வராது.

ரப்பர் பெட்டி வேறு ரகம். மென்னெக்கஸ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் செய்யும் முழு ரப்பர் உடல். தகரம் இல்லாததால் பெட்டியின் உடம்பில் ஷாக் வரும் பேச்சே இல்லை. கீழே போட்டாலும் நெளியாது, சாக்கெட் மூடிகள் ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொள்ளும், பிரேக்கர்களுக்கு மேல் ஒளி ஊடுருவும் மூடி. விலை தகரப் பெட்டியைப் போலப் பல மடங்கு. தரத்தில் குறையில்லை; நம் ஊரில் வைத்து ஓட்டும்போதுதான் இரண்டு ஆபத்துகள் வருகின்றன.

முதலாவது சாக்கெட். பல மாடல்களில் ஜெர்மன் ஷுக்கோ சாக்கெட் வருகிறது. நம் மூன்று பின் பிளக் அதில் போகாது, உடனே மேடையில் யுனிவர்சல் அடாப்டர்கள் முளைக்கும். ஷுக்கோ பிளக்கில் எர்த் என்பது பக்கவாட்டில் இருக்கும் உலோகப் பட்டை. அந்தப் பிளக்கோடு வந்த மூவிங் ஹெட் லைட்டை நம் ஊர் யுனிவர்சல் சாக்கெட்டில் சொருகினால் பேஸும் நியூட்ரலும் சேரும், லைட் எரியும், எர்த் மட்டும் எங்கும் தொடாது. இரும்பு டிரஸ்ஸில் (லைட் தொங்கவிடும் சட்டம்) கட்டியிருக்கும் பதினாறு லைட்டும் இப்படி எர்த் இல்லாமல் ஓடும் மேடைகள் உண்டு. தீர்வு சுலபம்: பெட்டி வாங்கும்போதே நீல 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் உள்ளதாகக் கேளுங்கள், லைட்டுகளின் பிளக்கை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து வயர் நிறம். இதை நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய முறையில் பேஸ் மூன்றும் பழுப்பு, கருப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். நம் ஊரில் பேஸ் சிவப்பு (ஆர்), மஞ்சள் (ஒய்), நீலம் (பி); நியூட்ரல் கருப்பு. ரப்பர் பெட்டியின் கேபிள் முனையை ஜெனரேட்டரில் கொடுக்கும் ஆள், நீலத்தை நீலத்தோடும் கருப்பைக் கருப்போடும் சேர்த்தால், பெட்டியின் நியூட்ரல் முழுக்க பி பேஸ் ஆகிவிடும். பழுப்பிலும் சாம்பலிலும் இருக்கும் சாக்கெட்டுகளில் 415 வோல்ட் வரும். கருப்புச் சர்க்யூட்டில் மட்டும் சரியாக 240 காட்டும். ஒரே ஒரு சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "ஓகே, போடு" என்று சொன்னால், அந்த ஒரு சாக்கெட் கருப்பாக இருந்துவிட்டால், முடிந்தது கதை. மூன்று பேஸையும் நியூட்ரலுக்கு அளக்காமல் எந்தப் பெட்டியிலும் லோடு சொருகக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கேபிள் முனையில் நிறத்தை நம்பாமல் நிரந்தர அடையாள ஸ்லீவ் போட்டு ஆர், ஒய், பி, என் என்று எழுதி வைத்துவிடலாம்.

எல்இடி வால் ஓட்டும்போது

மூன்று வகைப் பெட்டிக்கும் உண்மையான பரீட்சை எல்இடி வால்தான். 48 கேபினெட் (வாலாக அடுக்கும் தனித்தனித் திரைப் பெட்டி), ஒவ்வொன்றும் அதிகபட்சம் 150 வாட் என்றால் மொத்தம் 7.2 கிலோவாட், 31 ஆம்பியர். "இரண்டு 16 ஆம்பியர் சர்க்யூட் போதுமே" என்பார்கள். கரண்ட் கணக்கில் போதும்தான். ஆனால் ஒவ்வொரு கேபினெட்டின் இன்புட் ஃபில்டரும் எர்த்துக்குச் சிறிது கரண்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும். பழுதால் அல்ல, வடிவமைப்பே அப்படி. ஒன்றுக்கு 1 மில்லி ஆம்பியர் என்றாலும் 24 கேபினெட்டுக்கு 24. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ என்பது 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ உரிமை உள்ள சாதனம். நிரந்தர லீக்கேஜை 9 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 30 சதவீதத்துக்குள், வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு சர்க்யூட்டுக்கு எட்டு கேபினெட், மொத்தம் ஆறு சர்க்யூட். ஆன் பண்ணும்போது அடிக்கும் இன்ரஷ் கரண்ட்டும் அப்போது பிரிந்துபோகும். ஆறையும் ஒரே நேரத்தில் தூக்காமல் ஒவ்வொன்றாக ஆன் பண்ணுங்கள்.

மெயினில் ஒற்றை ஆர்சிசிபி உள்ள பெட்டியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மூன்று பேஸின் லீக்கேஜும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். குடோனில் டெஸ்ட் பண்ணும்போது ஒரு பிரச்சினையும் தெரியாது. மேடையில் ஏதோ ஒரு பேஸின் எம்சிபியை அணைத்ததும், ஈடு போய், மெயின் விழும். லோடைக் குறைத்தபோது டிரிப் ஆகிறதே என்று பிரேக்கர் மேல் பழி போடுவார்கள்.

கேபினெட்டுகளைத் தொடராக இணைக்கும் பவர்கான் கனெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நியூட்ரிக் நிறுவனத்தின் பழைய நீலம்-சாம்பல் பவர்கான், லோடு ஓடும்போது கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கரண்ட் ஓடும்போதே கழற்றலாம் என்று அந்த நிறுவனம் சொல்வது ட்ரூ1 வகையை மட்டும்தான்.

ஜெனரேட்டர் பக்கம்

எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருந்தால் ஆர்சிபிஓ வெறும் அலங்காரம். லீக் ஆன கரண்ட் திரும்பிப் போக வழியில்லை என்றால் அது எதைக் கண்டு விழும்? ஜெனரேட்டரின் நியூட்ரலை அங்கேயே, ஒரே இடத்தில், எர்த்தோடு சேர்க்க வேண்டும். நியூட்ரல் எர்த்துக்கு இரண்டு தனி எலெக்ட்ரோடு என்பது இந்திய விதி. வண்டியின் பம்பரில் ஒரு வயரைக் கட்டி அரை அடிக் கம்பியை மண்ணில் குத்துவது எர்த் ஆகாது. அதே சமயம் பெட்டிக்குள் இன்னொரு முறை நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கவும் கூடாது. இணைத்தால் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகவும் டிரஸ் வழியாகவும் ஓடும், ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம் கேட்கும், மெயின் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும்.

ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிள் ஐந்து கோராக (மூன்று பேஸ், நியூட்ரல், எர்த்) இருக்க வேண்டும். நாலு கோர் கேபிளை இழுத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கம்பி அடித்து "எர்த் கொடுத்தாச்சு" என்பது நம் ஊர் வழக்கம். அந்தக் கம்பியின் மின்தடை 100 ஓம் என்று வையுங்கள்; வறண்ட மணலில் அதைவிட அதிகமாகவே வரும். ஒரு லைட்டின் பாடியில் பேஸ் தொட்டால் மண் வழியாக ஓடுவது 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு மிக்ஸியின் லோடு போலத்தான், விடிய விடிய விழாது. பாடியில் மட்டும் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் அதே கம்பியோடு உடனே விழுந்திருக்கும். 'எம்சிபி இருக்கு, பயமில்லை' என்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஜெனரேட்டர் ஈபி டிரான்ஸ்ஃபார்மரைப் போல ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டைக் கொட்டாது. எக்ஸைட்டேஷன் (ஜெனரேட்டருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் அமைப்பு) நல்லதாக இருந்தாலே மூன்று மடங்கு வரும், 62.5 கேவிஏவுக்கு அது 260 ஆம்பியர். சி வகை 63 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ 315-இலிருந்து 630 வரை வேண்டும். அதாவது மெயின் கேபிளில் ஷார்ட் ஆனால் பெட்டியின் மெயின் எம்சிபி உடனே விழும் என்று நம்ப முடியாது. சி வகை 16 ஆம்பியருக்கு 160 போதும், அது விழும். இன்ரஷ்ஷுக்குப் பயந்து டி வகை போட்டால் 320 வரை கேட்கும், அதுவும் சந்தேகமாகிவிடும். ஆகவே ஜெனரேட்டரில் ஓட்டும் பெட்டியில் சி வகைக்கு மேல் போகாதீர்கள்.

ஈபி, ஜெனரேட்டர் இரண்டும் இருந்தால் சேஞ்ச்ஓவர் நாலு போலாக, நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதாக இருக்கட்டும். இரண்டு எம்சிபியை வைத்து "ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றிக்கொள்ளலாம்" என்று செய்திருக்கும் பெட்டியை எடுக்கவே வேண்டாம். இரண்டும் ஒருசேர ஏறினால் ஜெனரேட்டர் போவது ஒருபக்கம்; ஈபி லைனில் கம்பம் ஏறி வேலை பார்ப்பவருக்குக் கீழிருந்து மின்சாரம் போகும்.

ஆன் பண்ணும் முன்பு

பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டை மேலோ ஃப்ளைட் கேஸ் மேலோ அரை அடி உயரத்தில், சாக்கெட் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். மேடைக்கு அடியில் துணி, வைக்கோல், தேங்காய் நார் கிடக்கும் இடம் வேண்டாம். மெயினை அணைக்க ஓடி வருபவர் இரண்டு எட்டில் வந்து சேர வேண்டும். பின்னால் சேர் அடுக்கி மறைப்பது வழக்கமாக நடக்கிறது. மழைக்குப் பாலிதீனை இறுக்கிச் சுற்றினால் உள்ளே சூடும் வியர்வையும் சேரும். மேலே கூரைபோலக் கட்டி, பக்கவாட்டில் காற்றுக்கு விடுங்கள். இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் ஐபி 44 என்று போட்டிருப்பது தூறலைத் தாங்கும், அதுவும் பயன்படுத்தாத சாக்கெட்டின் மூடி மூடியிருந்தால். கொட்டும் மழைக்கும் தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் ஐபி 67, வளையத்தைத் திருகி இறுக்கும் வகை.

எல்லா பிரேக்கரும் கீழே, அதாவது ஆஃபில், இருக்க, கேபிளைச் சொருகிய பிறகு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பேஸுக்கும் பேஸுக்கும் மூன்று அளவு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று அளவு, கடைசியாக நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. கடைசி அளவு லோடு இல்லாதபோது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். லோடு ஏறியதும் ஒன்றிரண்டு வோல்ட் வருவது இயல்பு. லோடு நிறைய ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் பக்கத்தில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். மூன்று நியான் விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டரை நம்பி இருக்காதீர்கள், நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொரு ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனையும் அமுக்குங்கள். விழாததை டேப் ஒட்டி ஒதுக்கிவிடுங்கள். ஆனால் பட்டன் வேலை செய்வதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அந்தச் சோதனை பிரேக்கருக்குள்ளேயே நடக்கிறது, எர்த் வயரே இல்லாவிட்டாலும் விழும். எர்த்துக்குப் பெட்டியிலிருந்து கடைசி லைட்டின் பாடி வரை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பவர் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

லோடு பிரிக்கும்போது எல்இடி வால் ஒரு பேஸ், மூவிங் ஹெட்டும் பாரும் ஒரு பேஸ், சவுண்டும் மேடை இசைக்கருவிகளும் ஒரு பேஸ் என்று வைத்தால் கணக்கும் எளிது, ஹம்மும் குறைவு. மேடையில் இரண்டு கலைஞர்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கும் கருவிகள் வெவ்வேறு பேஸில் இருக்க வேண்டாம். பழுதானால் இடையில் 415 வோல்ட்.

கேபிள் டிரம்மை முழுக்கப் பிரித்துவிடுங்கள். 2.5 சதுர எம்எம், 50 மீட்டர், 16 ஆம்பியர் என்றால் கேபிளுக்குள்ளேயே 180 வாட் சூடாகப் போகிறது, 11 வோல்ட் விழுகிறது. பரவிக் கிடந்தால் அது ஒன்றும் செய்யாது. டிரம்மில் சுற்றியே இருந்தால் நடுச் சுற்றுகளில் இன்சுலேஷன் இளகி ஒட்டிக்கொள்ளும்.

நிகழ்ச்சி தொடங்கி அரை மணி நேரத்தில் டாங் டெஸ்டரை (கம்பியைச் சுற்றிக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் மீட்டர்) எடுத்து மூன்று பேஸையும் நியூட்ரலையும் ஒருமுறை அளந்து பெட்டி மேல் சாக்பீஸால் எழுதுங்கள். எல்லா பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பிளக் மட்டும் அக்கம்பக்கத்தைவிடச் சூடாக இருந்தால் லோடு காரணமில்லை, உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இடைவேளையில் அந்தச் சர்க்யூட்டை அணைத்து மாற்றுங்கள்.

ஹம் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972 மே 3 அன்று, பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கையில் ஒரு எர்த், உதட்டருகே வேறொரு வோல்டேஜ் என்பதுதான் இப்படிப்பட்ட விபத்துகளின் அமைப்பு. ஹம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (கருவியின் சிக்னலை மிக்ஸருக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டி) போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட்டை அமுக்குங்கள். விடுபடுவது சிக்னல் கேபிளின் ஷீல்டு மட்டும். பவர் பிளக்கின் எர்த் பின்னைத் தொட வேண்டியதே இல்லை.

எதை வாங்கலாம்? மாதம் முழுக்க நிகழ்ச்சி, வெளியூர் லாரி, மழை என்று ஓடும் சவுண்ட் சர்வீஸுக்கு, இண்டஸ்ட்ரியல் சாக்கெட் உள்ள ரப்பர் பெட்டி விலைக்குத் தகுந்தது. மற்றவர்களுக்குத் தகரப் பெட்டியே போதும், நான்கு திருத்தங்களோடு: சர்க்யூட்டுக்கு ஒரு ஏ வகை ஆர்சிபிஓ, பேஸுக்குக் குறையாத நியூட்ரல், ஓவர் வோல்டேஜ் ரிலே, கதவுக்கும் உடம்புக்கும் தனி எர்த் வயர். கடைசியாகச் சொன்னதைப் பட்டறைகள் அடிக்கடி விட்டுவிடும்; பவுடர் கோட்டிங் பூசிய கீல் வழியாகக் கதவுக்கு எர்த் போகாது. பணம் கட்டுவதற்கு முன் கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் அந்த உள்பக்கப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். "அதெல்லாம் திறக்க முடியாது சார், சீல் பண்ணியிருக்கு" என்று பதில் வந்தால் அடுத்த ஆளுக்குப் போன் போடுங்கள்.